பத்தில் ஒரு நொடி எனக்கு எதற்கு?

பல லட்சம் ரூபாய் கொடுத்து குரோனோகிராஃப் வாட்ச் (உள்ளேயே ஸ்டாப்வாட்சும் இருக்கும் வாட்ச்) வாங்கப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதை வைத்து எதை அளக்கப் போகிறீர்கள்? பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். நியாயம்தான், மொபைலில் ஸ்டாப்வாட்ச் சும்மாவே கிடைக்கிறது. ஆனாலும் நான் கேள்வியை விடுவதில்லை. பக்கத்தில் இரண்டு பட்டன், டயலில் மூன்று குட்டி வட்டங்கள், உள்ளே நூற்றுக்கணக்கான பாகங்கள். இவ்வளவும் எதையோ அளப்பதற்காகத்தானே அங்கே இருக்கின்றன?

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் அண்மையில் கேட்டார். "அண்ணே, ஒமேகா ஸ்பீட்மாஸ்டரா, ஸெனித் குரோனோமாஸ்டர் ஒரிஜினலா? சுத்தி வளைக்காம ஒண்ணு சொல்லுங்க." சுற்றி வளைக்காமல் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ரோலக்ஸின் குரோனோகிராஃபான டேடோனாவைத் தள்ளி வைத்துவிடலாம். நல்ல வாட்ச்தான். ஆனால் கடையில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது வெளிச்சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே பேச்சு முதலீட்டுப் பக்கம் போய்விடுகிறது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

இப்போது ஒமேகா. ஸ்பீட்மாஸ்டர் 1957இல் கார் பந்தயக்காரர்களை மனதில் வைத்து வந்த வாட்ச். நிலாவுக்கும் அதற்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. 1964இல் நாசா சில நிறுவனங்களின் குரோனோகிராஃப்களை வாங்கி வதைத்துப் பார்த்தது. 71 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள், அப்புறம் 93 டிகிரியில் அரை மணி நேரம், அதன்பின் உறைகுளிர், வெற்றிடம், அதிர்ச்சி, அதிர்வு. தப்பிப் பிழைத்தது ஸ்பீட்மாஸ்டர் மட்டும்தான். 1965 மார்ச்சில் விண்வெளி வீரர்களுக்கான வாட்சாக அதை ஏற்றுக்கொண்டார்கள். 1969 ஜூலையில் பஸ் ஆல்ட்ரின் அதைக் கட்டிக்கொண்டு நிலாவில் நடந்தார். நீல் ஆர்ம்ஸ்ட்ராங் தன்னுடையதைக் கலத்துக்குள்ளேயே விட்டுவிட்டு இறங்கினார், ஏனென்றால் உள்ளே இருந்த மின்னணுக் கடிகாரம் பழுதாகிவிட்டது.

இந்தக் கதையைத்தான் எல்லாக் கடைக்காரர்களும் சொல்வார்கள். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. அந்த 1969 பயணத்தில், அதாவது அப்பல்லோ 11இல், போன வாட்சுக்குள் இருந்தது 321 என்ற இயந்திரம். 1968இலேயே ஒமேகா அதை மாற்றி, தயாரிக்க எளிதான 861ஐக் கொண்டுவந்துவிட்டது. இன்று கடையில் இருப்பதில் 2021 முதல் ஓடுவது 3861. ஆக, நிலாவுக்குப் போனதன் பேரனைத்தான் நாம் வாங்குகிறோம். மோசமில்லை, தாத்தாவைவிடப் பேரன் கெட்டிக்காரன்: 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்குகிறான், ஒரு நாளைக்கு 0 முதல் 5 நொடி வரை முந்துவதற்கு மேல் பிசகக் கூடாது என்ற சோதனையில் தேறியவன். ஆனால் நிலாவைக் காட்டி விலை சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஸெனித்தின் கதை வேறு மாதிரி. சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் 1865இல் தொடங்கிய நிறுவனம் அது. நூற்றாண்டு விழாவுக்குள் தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃப் ஒன்றைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று 1962இல் வேலையை ஆரம்பித்தார்கள். விழா வந்து போய்விட்டது, வாட்ச் வரவில்லை. 1969 ஜனவரி 10ஆம் தேதிதான் 'எல் பிரிமேரோ' என்ற பெயரில் அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஹாயர், பிரைட்லிங் கூட்டணி தங்களுடையதை அறிவித்தது. ஜப்பானின் செய்கோ சத்தமில்லாமல் அதே ஆண்டிலேயே கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. யார் முதல் என்ற சண்டை இன்றைக்கும் ஓயவில்லை, எனக்கு அதில் அக்கறையும் இல்லை. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது.

ஸெனித்தை அமெரிக்காவின் ஸெனித் ரேடியோ நிறுவனம் வாங்கியது (பெயர்ப் பொருத்தம் பார்த்துக் கட்டிய கல்யாணம் போல). பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்த காலம். 1975இல் சிகாகோவிலிருந்து உத்தரவு வந்தது: இயந்திர வாட்சை நிறுத்துங்கள், கருவிகளைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். அங்கே வேலை பார்த்த சார்ல் வெர்மோ என்பவர் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். யாரும் காது கொடுக்கவில்லை. மனுஷன் எல் பிரிமேரோ செய்யத் தேவையான அச்சுகள், வெட்டும் கருவிகள், வரைபடங்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஆலையின் பரணுக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். எது எங்கே இருக்கிறது என்று எழுதியும் வைத்தார். 1978இல் நிறுவனம் மறுபடி சுவிஸ் கைக்கு வந்தது. 1980களில் எல் பிரிமேரோவை மறுபடி செய்யலாம் என்று பேச்சு வந்தபோது பரண் திறந்தது.

அப்புறம் ரோலக்ஸே வாடிக்கையாளராக வந்தது. 1988இல் வந்த டேடோனாவுக்குள் ஓடியது எல் பிரிமேரோதான், நிறைய மாற்றங்களோடு. 2000இல் சொந்த இயந்திரம் வரும் வரை ரோலக்ஸ் அதைத்தான் வைத்திருந்தது. அந்த மாற்றங்களில் ஒன்று, இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தது. இன்றைக்கு நம் இரண்டு வாட்சுக்கும் இடையில் இருக்கும் பெரிய வித்தியாசமும் அந்த வேகம்தான்.

ஒமேகாவின் பேலன்ஸ் வீல் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தை எண்ணும் சக்கரம்) மணிக்கு 21,600 முறை அடிக்கிறது, நொடிக்கு 6. ஸெனித் 36,000, நொடிக்கு 10. அந்த வேகத்தில் சாதாரண எண்ணெய் சிதறிவிடும் என்று அந்தக் காலத்திலேயே உலர் மசகுப் பொருளைத் தேடிப் போனார்கள். நொடிக்குப் பத்து அடி என்றால் பத்தில் ஒரு நொடியை அளக்க முடியும். 2021இல் வந்த குரோனோமாஸ்டர் ஒரிஜினலில் ஓடும் 3600 என்ற எல் பிரிமேரோ இயந்திரத்தில் அதைக் கண்ணுக்கே காட்டிவிட்டார்கள்: பட்டனை அழுத்தினால் நடு முள் பத்தே நொடியில் டயலை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. பார்க்க அப்படி ஒரு அழகு. என் மைத்துனரிடம் இந்த வாட்ச் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போனால் காபி வருவதற்குள் அதை வாங்கி இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிடுவேன்.

ஆனால் அளக்க உட்கார்ந்தால் சங்கடம். நடு முள் பத்து நொடிக்கு ஒரு முறை சுற்றுவதால் 'எத்தனை நொடி ஆச்சு?' என்பதற்கு அது மட்டும் பதில் சொல்லாது. மூன்று மணிப் பக்கம் இருக்கும் சின்ன வட்டத்தைப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மணிப் பக்கம். மூன்று இடத்தைப் படித்து மனதில் கூட்ட வேண்டும். 60 நிமிடம் தாண்டினால் கணக்கே இல்லை, மணியை எண்ணும் வட்டம் அதில் கிடையாது. 1969இன் எல் பிரிமேரோவில் மணிக்கும் வட்டம் இருந்தது, நடு முள்ளும் எல்லா வாட்சையும் போல ஒரு நிமிடத்துக்கு ஒரு முறைதான் சுற்றியது. பத்தில் ஒரு நொடியைக் கண்ணில் காட்ட அதையெல்லாம் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பத்தில் ஒரு நொடியாவது நமக்குக் கிடைக்கிறதா? ஒன்றைக் கண்ணால் பார்த்து விரல் பட்டனை அழுத்தவே சுமார் பத்தில் இரண்டு நொடி ஆகிவிடுகிறது. வாட்ச் துல்லியமாகத்தான் இருக்கிறது, அழுத்தும் ஆள்தான் தாமதம்.

இங்கேதான் எனக்கு, நிலாவுக்குக் கிளம்பி இறங்காமலே திரும்பிய அப்பல்லோ 13 ஞாபகம் வரும். 1970 ஏப்ரல், ஆக்சிஜன் தொட்டி வெடித்து மின்சாரம் குறைந்து, முக்கியக் கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாதை கொஞ்சம் விலகியிருந்தது. என்ஜினைச் சரியாக 14 நொடி எரிய விட்டு நிறுத்த வேண்டும். ஜிம் லவெலும் ஃப்ரெட் ஹெய்ஸும் கலத்தை நேராகப் பிடித்துக்கொள்ள, ஜாக் ஸ்விகர்ட் தன் கையிலிருந்த ஸ்பீட்மாஸ்டரைப் பார்த்து நேரம் சொன்னார். அந்த ஆண்டே விண்வெளி வீரர்கள் ஒமேகாவுக்கு 'சில்வர் ஸ்னூப்பி' விருது கொடுத்தார்கள். நிலாவில் நடந்ததைவிட இந்த 14 நொடிதான் அந்த வாட்சின் பெரிய பெருமை என்பது என் கட்சி.

அதே 14 நொடியை ஸெனித்தில் அளந்து பாருங்கள். நடு முள் ஒரு சுற்று முடித்து 4இல் நிற்கும். அது 4ஆ, 14ஆ, 24ஆ என்று சின்ன வட்டத்தில் தேட வேண்டும். ஒமேகாவில் கறுப்பு டயல், வெள்ளை முள், ஒரே பார்வை. பன்னிரண்டு மணி நேரம் வரைக்கும் அது எண்ணும். சென்னையிலிருந்து திருச்சி வரை கார் ஓட்டினால் எவ்வளவு நேரம் ஆனது என்று என் ஒமேகா சொல்லிவிடும். மைத்துனரின் ஸெனித் செங்கல்பட்டைத் தாண்டியதுமே முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும்.

என்னிடம் இருப்பது ஒமேகா என்பதால் கட்சி பேசுகிறேன் என்று நினைக்கலாம். சரி, ஸெனித் பக்கமும் சொல்கிறேன். 38 மில்லிமீட்டர் என்பதால் நம்மில் மெலிந்த மணிக்கட்டு உள்ளவர்களுக்கு அது கச்சிதம். ஒமேகாவின் 42 சிலருக்குக் கொஞ்சம் அகலம். ஸெனித்துக்குத் தானாகச் சாவி ஏறும், கழற்றி வைத்தாலும் 60 மணி நேரம் ஓடும். ஒமேகாவுக்குக் கையால்தான் சாவி கொடுக்க வேண்டும், 50 மணி நேரம் தாங்கும். விண்வெளியில் ஆட்டோமேட்டிக் ஓடாது, அதனால்தான் நாசா கையால் சாவி கொடுக்கும் வாட்சை எடுத்தது என்று சிலர் சொல்வார்கள். தப்பு. 1973இல் ஸ்கைலேப் நிலையத்துக்குப் போன வில்லியம் போக் தன் செய்கோ ஆட்டோமேட்டிக்கையும் எடுத்துக்கொண்டுதான் போனார், அது நன்றாகவே ஓடியது. ஆக, சாவி கொடுப்பது ஒமேகாவின் பெருமை ஒன்றுமில்லை. எனக்கு அந்தக் காலை வேலை பிடிக்கும், உங்களுக்கு அது தொல்லையாக இருக்கலாம்.

ஸெனித் டயலில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் சாய்வாகத் தேதி இருக்கிறது. ஏன் அங்கே என்று யாராவது என்னைச் சமாதானப்படுத்தினால் கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இரண்டிலுமே ஸ்டீல் பட்டைதான் சரி. தோல் பட்டை ஒரு கோடையில் நாறிவிடும். இரண்டுமே 50 மீட்டர் நீர்த்தாங்கல்தான், அதை நம்பிக் கடலில் இறங்க வேண்டாம்.

ஆக, தம்பிக்கு என் பதில்: இயந்திரத்தின் அழகுக்காக வாங்குவதானால் ஸெனித், வெர்மோவின் பரணுக்காகவே கூட வாங்கலாம். நேரத்தை அளந்து பார்க்கிற ஆள் என்றால் ஒமேகா. எனக்குத் தெரிந்து நீங்கள் சோறு வடிக்கும் நேரத்தைக்கூட அளக்கிற ஆள், அதனால் ஒமேகா.

வாங்கும்போது சஃபையர் கண்ணாடியா, ஹெசலைட்டா என்று கேட்பார்கள். ஹெசலைட் என்பது அக்ரிலிக் பிளாஸ்டிக். நாசா அனுப்பியது அதைத்தான், அடி பட்டால் சில்லுச் சில்லாகச் சிதறாது என்பதற்காக. சீக்கிரம் கீறல் விழும், ஆனால் மெருகு பசையை வைத்து வீட்டிலேயே பத்து நிமிடம் தேய்த்தால் போய்விடும். சஃபையருக்குக் கூடக் கொடுக்கும் காசில் பின்மூடி வழியாக இயந்திரத்தைப் பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்றால் கொடுங்கள், நான் கொடுக்கவில்லை.