வலி இருந்தால் படுத்தே இருக்க வேண்டுமா?

"நாள்பட்ட வலி உள்ளவர்கள் நடந்தால் நரம்பு தேய்ந்துவிடும், முழு ஓய்வெடுத்தால் வலியும் போகும், மனச்சோர்வும் போகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில், வலிப்பதெல்லாம் புதிய காயம் அல்ல. நரம்பு மண்டலமே கூருணர்வோடு இருக்கும். படுத்தே கிடந்தால் தசை தளரும், தூக்கம் கெடும், வெளியே போவது குறையும், மனம் சோரும். சோர்ந்த மனம் வலியைக் கூட்டும். உடற்பயிற்சி இந்தச் சுழலைத் தளர்த்துகிறது. முதுகுவலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது; அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

பலர் சறுக்குவது அளவில்தான். வலி குறைந்த நாளில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் போகிறது. சிரமமின்றி 10 நிமிடம் நடக்க முடிந்தால் 8 நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் அதே 8தான். வாரம் ஓரிரு நிமிடம் கூட்டலாம். தொடக்கத்தில் தசைவலி வருவது இயல்பு, மறுநாளும் தணியாவிட்டால் அளவைக் குறையுங்கள்.

கால் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.