நியூட்ரானில் மின்னூட்டம் "இல்லை" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்

நியூட்ரானுக்கு நேரே பாடப் புத்தகங்களில் போட்டிருக்கும் அந்த 0 மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. புரோட்டான் +1, எலக்ட்ரான் −1, நியூட்ரான் 0. மூன்று வரி அட்டவணை, அத்தோடு அடுத்த பாடம். போன வாரம் அக்கா மகள் அந்த அட்டவணையைக் காட்டி, "மாமா, இதுக்கு மட்டும் ஏன் சார்ஜே இல்ல?" என்று கேட்டாள். பள்ளியில் நான் இதே கேள்வியைக் கேட்டபோது கிடைத்த பதில் நன்றாக நினைவிருக்கிறது: "அது நடுநிலையானது, அதனால்தான் நியூட்ரான் என்று பேர்." பேர் எப்படி வந்தது என்பதற்கு அது பதில். நான் கேட்டது அதுவல்ல. அவளுக்கும் அதையே சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

வரவும் செலவும் சரியாய்ப் போன கணக்கும், ஒன்றுமே எழுதாத வெற்றுத் தாளும் ஒன்றாகிவிடுமா? நியூட்ரான் முதல் வகை. அதனுள் குவார்க் எனப்படும் இன்னும் சிறிய துகள்கள் மூன்று இருக்கின்றன: "அப்" வகையில் ஒன்று, "டவுன்" வகையில் இரண்டு. அப் குவார்க்கின் மின்னூட்டம் +2/3, டவுன் குவார்க்குக்கு −1/3. கூட்டிப் பாருங்கள், பூஜ்ஜியம் வரும். புரோட்டானில் இரண்டு அப், ஒரு டவுன்; அதனால் +1. இது 1964-இல் மர்ரி கெல்மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் தனித்தனியே முன்வைத்த குவார்க் மாதிரி. பின்னம் கூட்டத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். அப்புறம் ஏன் மறைக்க வேண்டும்?

"உள்ளே மின்னூட்டம் இருக்கிறது என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்டால், என்னிடம் உள்ள ஆகச் சிறந்த சாட்சி காந்தம். நியூட்ரான் ஒரு குட்டிக் காந்தம். மின்னூட்டமே இல்லாத, உள்கட்டமைப்பும் இல்லாத துகள் என்றால் அது காந்தமாக இருப்பதற்கு முகாந்திரமே இல்லை. ஆனால் 1940-இல் லூயிஸ் அல்வாரெஸும் ஃபெலிக்ஸ் பிளாக்கும் அதன் காந்தத் திருப்புத்திறனை, அதாவது அது எவ்வளவு வலுவான காந்தம் என்பதை, நேரடியாக அளந்தார்கள். இன்றைய மதிப்பு, அணுக்கருத் துகள்களின் காந்தத்தை அளக்கும் அலகில் −1.913. புரோட்டானுக்கு +2.793. முன்னதைப் பின்னதால் வகுத்தால் −0.685 வரும். குவார்க்குகளின் மின்னூட்டங்களையும் சுழற்சிகளையும் (துகளோடு கூடவே பிறந்த, பம்பரச் சுழற்சி போன்ற ஒரு பண்பு) மட்டும் வைத்துப் போடும் எளிய கணக்கு இதே விகிதத்துக்கு −2/3, அதாவது −0.667 என்று சொல்கிறது. இத்தனை எளிய கணக்கு அளவீட்டுக்கு இத்தனை கிட்டே வந்து நிற்பதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்த அன்று, நான் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொரு தவறான விளக்கமும் புழக்கத்தில் இருக்கிறது: "புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்து ஒட்டிக்கொண்டதுதான் நியூட்ரான், அதனால் பூஜ்ஜியம்." இது முட்டாள்தனமான எண்ணம் அல்ல. 1920-இல் நியூட்ரான் இருக்கலாம் என்று ரூதர்ஃபோர்டு ஊகித்தபோது ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார். 1932-இல் அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக்கும் முதலில் அந்தப் பக்கமே சாய்ந்தார். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. நைட்ரஜன்-14 அணுக்கருவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணப்படி அதன் ஏழு நியூட்ரான்களும் புரோட்டான்-எலக்ட்ரான் ஜோடிகள்; அதனால் அதில் 14 புரோட்டான்கள், 7 எலக்ட்ரான்கள், ஆக 21 துகள்கள். ஒவ்வொன்றுக்கும் சுழற்சி அரை. ஒற்றைப்படை எண்ணிக்கையில் உள்ள அரைகளை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் முழு எண் வரவே வராது. அளந்து பார்த்தால் அந்த அணுக்கருவின் சுழற்சி 1. ஏழு புரோட்டான், ஏழு நியூட்ரான், ஆக இரட்டைப்படையில் 14 துகள்கள் என்று வைத்தால் முழு எண் சரியாக வருகிறது.

தனியாக விட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் எதிர்நியூட்ரினோ என்ற மின்னூட்டமற்ற, மிக இலேசான துகளாகவும் சிதைகிறது, உண்மைதான். அந்த எலக்ட்ரான் உள்ளே ஒளிந்திருந்து வெளியே வரவில்லை. ஒரு டவுன் குவார்க் அப் குவார்க்காக மாறும் அந்தக் கணத்தில்தான் அது உருவாகிறது.

சரி, குவார்க் கணக்கோடு கேள்வி முடிந்ததா? முடியவில்லை, இதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பதும் என் கருத்து. ஏன் மிகச்சரியாக 2/3-உம் 1/3-உம்? இந்த இரண்டில் ஒன்று மட்டும் ஒரு துளி பிசகியிருந்தாலும் நியூட்ரான் பூஜ்ஜியமாக இருக்காது. அதைச் சோதிக்க, பிரான்சின் கிரெனோபிள் நகரில் மெதுவாகச் செல்லும் நியூட்ரான் கற்றையைப் பல மீட்டர் நீள மின்தகடுகளுக்கு நடுவே அனுப்பி, மயிரிழையாவது வளைகிறதா என்று பார்த்தார்கள். வளையவில்லை. நியூட்ரானில் மிச்ச மின்னூட்டம் ஏதாவது இருந்தால்கூட, எலக்ட்ரானின் மின்னூட்டத்தை 1-க்குப் பின் 20 பூஜ்ஜியம் போட்ட எண்ணால் வகுத்து வருவதைவிடக் குறைவு.

இந்தத் துல்லியத்துக்குப் பாதி விடை இருக்கிறது. ஒவ்வொரு குவார்க்கும் மூன்று "நிறங்களில்" வருகிறது (கண்ணுக்குத் தெரியும் நிறம் அல்ல, மூன்று வகைகளுக்கு வைத்த பேர்). மூன்று அப், மூன்று டவுன், ஓர் எலக்ட்ரான், ஒரு நியூட்ரினோ எல்லாவற்றின் மின்னூட்டத்தையும் கூட்டினால் 2 − 1 − 1 + 0, பூஜ்ஜியம். இது இப்படி ஒத்துப்போகாவிட்டால் இன்று நாம் நம்பும் துகள் கோட்பாடே தனக்குத் தானே முரண்பட்டு உடைந்துவிடும். அதாவது நியூட்ரானின் பூஜ்ஜியத்துக்கு எலக்ட்ரானும் ஒரு காரணம்! குவார்க்கும் எலக்ட்ரானும் ஒரே குடும்பம் என்று காட்ட 1974 முதல் பெரிய கோட்பாடுகள் வந்திருக்கின்றன. அவை முன்கூட்டிச் சொன்ன புரோட்டான் சிதைவை இதுவரை யாரும் பார்க்கவில்லை. மீதிப் பாதி விடை இன்னும் திறந்தே கிடக்கிறது.

இதில் பாதியையாவது அக்கா மகளிடம் சொன்னேன். குவார்க் கூட்டலை அவளே நோட்டில் போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "புரோட்டானுக்கு எதிர்த்துகளான எதிர்ப்புரோட்டானுக்கு மைனஸ் சார்ஜ்னா, எதிர்நியூட்ரான்னு ஒண்ணு இருக்க முடியுமா? சைபருக்கு எதிரும் சைபர்தானே?" என்றாள். இருக்கிறது, 1956-இல் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றேன். அதற்கும் மின்னூட்டம் பூஜ்ஜியம்தான். ஆனால் உள்ளே ஒரு −2/3, இரண்டு +1/3. காந்தமும் திசை மாறி நிற்கும். பழைய அட்டவணையில் இரண்டுக்கும் நேரே ஒரே 0-தான் இருந்திருக்கும். அவள் நோட்டில் இரண்டும் வேறு வேறு வரிகளாக இருக்கின்றன.