நவம்பரில் போங்கள், மதகு திறந்திருக்கும்போது

பிரான்சின் லியோன் நகருக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் நீர்நிலை எதையாவது பார்க்க வேண்டும் என்று கேட்டால், எல்லோரும் கைகாட்டுவது ஆன்சி ஏரியை. அழகான ஏரி, மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிற நான் அவர்களை அழைத்துப்போவது வேறு பக்கம். லியோனுக்கு வடகிழக்கே, ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தோம்ப் என்ற மேட்டுச் சமவெளி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் அங்கே இருக்கின்றன. கோடையில் போகாதீர்கள், நவம்பரில் போங்கள் என்றும் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஒருமுறை விரிவாக எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதல்முறை நானும் ஜூலையில்தான் போனேன். வெயில் கொளுத்தியது. சாலையிலிருந்து பார்த்தால் நாணல், அதற்குப் பின்னால் தகடுபோல் அசையாத நீர், தூரத்தில் இரண்டு கொண்டை முக்குளிப்பான்கள். ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டது. திரும்பும் வழியில் ஒரு குளத்தில் நீரே இல்லை. கரை இருக்கிறது, மதகு இருக்கிறது, உள்ளே ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம் நிற்கிறது. குளத்தைத் தூர்த்து வயலாக்கிவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரமே வந்தது. வீட்டுக்கு வந்து நாலு பேரிடம் புலம்பினேன். நான் நினைத்தது முழுத் தவறு. அந்தக் குளத்துக்கு அது ஓய்வு ஆண்டு.

தோம்பின் குளங்கள் இயற்கையாக உண்டானவை அல்ல. பனியாறுகள் விட்டுப்போன களிமண் பூமி அது, நீர் கீழே இறங்காது. விவசாயத்துக்குச் சோதனையான மண். இடைக்காலத்தில் மடாலயத்துத் துறவிகளும் நிலப்பிரபுக்களும் அந்தக் குறையையே வாய்ப்பாக்கி, பள்ளங்களுக்குக் குறுக்கே மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கினார்கள். ஆற்றுப் பாசனம் இல்லை, வானம் பார்த்த குளங்கள். மேல் குளத்தின் மதகைத் திறந்தால் நீர் அடுத்த குளத்துக்குப் போகும், அதிலிருந்து அதற்கடுத்த குளத்துக்கு. ஆகவே யார் எப்போது திறப்பது என்று அக்கம்பக்கத்தார் பேசி முடிவு செய்தாக வேண்டும். கிராமமும் உறவும் சண்டையும் அந்த நீர்ச்சங்கிலியில்தான் கோக்கப்பட்டிருந்தன.

மூன்று நான்கு ஆண்டுகள் நீர் நிறைத்து மீன் வளர்ப்பார்கள். அதற்கு எவொலாஜ் என்று பெயர். பிறகு ஓராண்டு வற்றவிட்டு, அடியில் படிந்த வண்டலில் ஓட்ஸோ மக்காச்சோளமோ விதைப்பார்கள். அது அசெக். மீன் கழிவால் வளம் பெற்ற மண்ணில் பயிர் செழிக்கும். வெயில்பட்டுக் காய்ந்த மண் அடுத்த சுற்றில் மீனுக்கு உதவும். பழைய வழக்கத்தில் ஒரே குளத்தின் நீருக்கு உரிமையாளர் ஒருவராகவும், அதே குளத்தின் தரைக்கு உரிமையாளர் வேறொருவராகவும் இருந்திருக்கிறார்கள். ஒரே இடத்தைக் காலத்தால் பங்கு பிரித்துக்கொண்ட அந்த ஏற்பாடு என்னை இன்றுவரை வியக்க வைக்கிறது.

இப்போது நவம்பருக்கு வருகிறேன். குளத்து மீன்பிடிப்பு அக்டோபரில் தொடங்கிக் குளிர்காலம் வரை நடக்கும். பல நாட்களுக்கு முன்பே மதகைக் கொஞ்சமாகத் திறந்துவிடுவார்கள். நீர் மெல்ல இறங்க இறங்க, மீன்கள் மதகுக்கு முன்னால் இருக்கும் ஆழமான பள்ளத்தில் வந்து கூடும். எனக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு காலையில் கரையில் நிற்க அனுமதி கிடைத்தது. பொழுது இன்னும் புலரவில்லை. பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, சேற்று வாடை மட்டும் முகத்தில் அடித்தது. மார்புவரை ரப்பர் உடை அணிந்த ஏழெட்டுப் பேர் வலையை அரைவட்டமாக இழுத்து வந்தார்கள். யாரும் பேசவில்லை. வலை நெருங்கியதும் நீர் கொதிப்பதுபோல் துள்ளத் தொடங்கியது. பனி சற்று விலகியபோது, எதிர்ப்பக்கச் சேற்றில் வெண்கொக்குகளும் சாம்பல் நாரைகளும் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தேன். அவையும் வேலை நாளுக்கு வந்திருந்தன.

கரையோரம் மேசை போட்டு மீனைப் பிரித்தார்கள். கெண்டை ஒரு தொட்டியில், பல்லுள்ள புரோஷே தனியே இன்னொன்றில், சிறு மீன்கள் வேறொன்றில். கண்ணாடிக் கெண்டையை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். உடம்பெல்லாம் வழுவழுப்பு, முதுகோரம் மட்டும் ரூபாய் நாணயம் அளவில் பெரிய செதில்கள் சிதறிக் கிடக்கின்றன. தான்ஷ் என்ற மீன் எண்ணெய் பூசியதுபோல் பொன்பச்சை நிறம், கண் மட்டும் குன்றிமணிபோல் சிவப்பு. வளராத குஞ்சுகளை உடனே வேறு குளத்துக்கு அனுப்பினார்கள்.

வேலை ஓய்ந்ததும் ஒரு பெரியவர் எனக்கு ஒரு கெண்டையை எடை போட்டார். எப்படிச் சமைப்பீர்கள் என்று கேட்டார். மஞ்சள், மிளகாய், மிளகு தடவி வறுப்பேன், தலையைப் புளிக்குழம்பில் போடுவேன் என்றேன். முள்ளுக்கு என்ன செய்வீர்கள் என்றார். நான் தயங்கியதும் கத்தியை எடுத்தார். தோலோடு இருந்த சதைத் துண்டைப் பலகையில் வைத்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில், தோல் அறுபடாமல், சீராகக் கீறிக்கொண்டே போனார். கவை முட்கள் துண்டு துண்டாகிவிடும், சூடான எண்ணெயில் மொறுமொறுவென்று ஆகிவிடும், நாக்குக்குத் தெரியாது. மிகச் சாதாரணமாகச் செய்தார். அன்றிலிருந்து என் வீட்டில் கெண்டையை அப்படித்தான் கீறுகிறோம். முள்ளுக்குப் பயந்து கெண்டையை ஒதுக்கிய என் பிள்ளைகள் இப்போது கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

இந்தக் குளங்களை ஒழிக்க அரசே முனைந்த காலமும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793 டிசம்பரில் நாட்டின் மீன் குளங்களை வற்றவைத்து விதைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 1795இல் அது திரும்பப் பெறப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் தோம்ப் என்றால் மலேரியா என்று பொருள். காய்ச்சலில் ஊர் ஊராக மக்கள் மடிந்தார்கள். அந்தத் துயரத்தைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. 1863இல் லு பிளான்தேயில் திராப்பிஸ்ட் துறவிகளின் மடாலயம் எழுந்ததும் இந்தப் பூமியைத் திருத்தத்தான். அதே காலத்தில் லியோனிலிருந்து பூர்-கான்-பிரெஸுக்கு ரயில் பாதை போட வந்த நிறுவனம், 6,000 ஹெக்டேர் குளங்களை வற்றவைப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பாதை 1866இல் திறந்தது. இன்று குளம் பார்க்க நாம் ஏறிப்போவது அதே பாதையில் ஓடும் ரயிலில். ஒவ்வொருமுறையும் அந்த ஜன்னல் ஓரம் உட்காரும்போது எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

ஆக, எஞ்சி நிற்கும் ஒவ்வொரு குளமும் யாரோ ஒருவர் கரையைக் கட்டி, மதகைப் பழுது பார்த்து, மீன் விட்டதால் நிற்கிறது. கவனிப்பாரின்றி விட்டால் சில ஆண்டுகளில் நாணலும் வில்லோ மரங்களும் உள்ளே புகுந்து குளம் மேடாகிவிடும். மீசை ஆலா கூடு கட்டுவது மிதக்கும் இலைகளின் மேல். நீர் இல்லையென்றால் அது வராது. பறவைகளை நேசிப்பவர்கள் பலர் மீன் வளர்ப்பவரை எதிரியாகப் பார்ப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மீன்காரரின் கோபத்தையும் நான் புரிந்துகொள்கிறேன். பாதுகாக்கப்பட்ட நீர்க்காகங்கள் கூட்டமாக இறங்கி அவர் வளர்த்த மீனைத் தின்கின்றன. ரோமத்துக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு காலத்தில் கொண்டுவரப்பட்ட ராகொந்தன் என்ற பெரிய கொறிவிலங்கு கரையைக் குடைந்து ஓட்டையாக்குகிறது. மழை பொய்க்கும் ஆண்டில் குளம் நிறைவதே இல்லை. இதற்கு மேல் கெண்டைக்கு விலையும் கிடைக்காவிட்டால், குளத்தை வேட்டைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விடுவதோ நிரந்தர வயலாக்குவதோ அவருக்கு எளிது.

அதனால் நான் வற்புறுத்திச் சொல்கிறேன்: தோம்ப் போனால் கெண்டை சாப்பிடுங்கள். அங்குள்ள உணவகங்களில் எல்லோரும் கேட்பது தவளைக்கால். வெண்ணெயும் பூண்டும் போட்டு வரும், அந்த மண்ணின் புகழ்பெற்ற உணவு. ஆனால் பிரான்சில் விற்பனைக்காகக் காட்டுத் தவளை பிடிப்பது 1980 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. தட்டில் வருவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தவளை. அதற்குக் கொடுக்கும் பணம் இந்தக் குளங்களின் ஒரு மதகையும் காப்பாற்றாது. ஜன்னலுக்கு வெளியே தெரியும் குளத்து மீனை விட்டுவிட்டு, கடல் தாண்டி உறைந்து வந்ததைத் தின்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

இன்னொன்று, அனுமதி. ஏறக்குறைய எல்லாக் குளங்களும் தனியாருடையவை. 2023 பிப்ரவரி 2 அன்று வந்த சட்டம் காட்டுப்பகுதி வேலிகளுக்கு 1.20 மீட்டர் உயர வரம்பு வைத்தது, விலங்குகள் கடந்துபோகக் கீழே 30 சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொன்னது. அது நல்லது. ஆனால் அதே சட்டம், தடை அறிவிப்பு உள்ள தனியார் காட்டிலோ வயலிலோ கால் வைப்பதையும் குற்றமாக்கிவிட்டது. அபராதம் 135 யூரோ. ஒரு கையால் விலங்குக்கு வழிவிட்டு, மறு கையால் மனிதனுக்கு வழியடைத்தது சரியல்ல என்பது என் கருத்து. நடந்து பார்க்காதவருக்கு நீர்நிலையின் மேல் அக்கறை எப்படி வரும்? ஆயினும் பலகை இருந்தால் உள்ளே போகாதீர்கள். தோம்பில் பல ஊர்ச் சாலைகள் குளக்கரை மேலேயே ஓடுகின்றன. பிரியு, பூலின்யு பக்கம் சாலையோரம் நின்றாலே போதும். குழந்தைகள் உடன் வந்தால் 1970இல் திறந்த வில்லார்-லே-தோம்ப் பறவைப் பூங்காவுக்குப் போகலாம். ஆனால் குளங்களைப் பார்க்காமல் பூங்காவோடு திரும்பிவிட வேண்டாம்.

சேற்றுக்கு ஏற்ற காலணி, தடித்த சட்டை, மீனை எடுத்து வர ஒரு மூடியுள்ள பெட்டி, இவ்வளவு போதும். மீன்பிடிப்பு எந்த நாளில் எந்தக் குளத்தில் என்று அந்தந்த ஊரில் விசாரித்தால் சொல்வார்கள்.

நான் நின்ற அந்தக் குளத்தின் மதகை அன்று மாலை அவர்கள் மூடவில்லை. ஏன் என்று கேட்டேன். நான்கு ஆண்டு நீர் முடிந்தது, இனி ஓராண்டு அசெக், வசந்தத்தில் ஓட்ஸ் விதைக்கப்போகிறோம் என்றார் பெரியவர். இந்த ஜூலையில் அங்கே மறுபடி போகிறேன், குளத்துக்குள் விளைந்து நிற்கும் ஓட்ஸைப் பார்க்க.