கொடுத்தவர் பெயரைப் போட என்ன செலவாகிவிடும்?

ஊர் வீடுகளில் இருக்கும் ஓலைச்சுவடிகளையும் பழைய புகைப்படங்களையும் படியெடுத்துச் சேர்க்கும் திட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில், கேள்வி கேட்ட ஒரு பெரியவர் கையிலிருந்து மைக்கை வாங்கியதைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். காணொளியும் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. நானும் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நேற்று இரவு ஏற்பாட்டாளர்கள் ஒரு விளக்கம் வெளியிட்டார்களே, "பெரியவரின் உணர்ச்சியை மதிக்கிறோம்" என்று, அதைப் படித்தபின் பொறுக்கவில்லை.

அவர் உணர்ச்சிவசப்படவே இல்லை ஐயா. நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்கள் வீட்டுச் சுவடிகளைப் படம் எடுத்துக்கொண்டு போனீர்களே, எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?" அதற்கு மேடையிலிருந்து வந்த பதில், கல்வி நிறுவனத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும் என்பது. தாத்தா காலத்திலிருந்து புல்தைலம் தடவி, துணியில் சுற்றி, பரணில் வைத்துக் காத்தவர், அதைப் பார்க்க யாரோ ஒரு பேராசிரியரிடம் போய்க் கடிதம் வாங்கி வரவேண்டும். "அது என் வீட்டுப் பொருள்தானே" என்று அவர் தொடங்கியபோதுதான் மைக் போனது. பின்னால் கட்டியிருந்த பேனரில் கொட்டை எழுத்தில் 'சமூகப் பங்கேற்பு' என்று இருந்தது. அந்தச் சமூகம் கடைசி வரிசைகளில் உட்கார்ந்து, எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தது.

நான் சொல்ல வருவது மிகச் சிறிய விஷயம். பொருளைக் கொடுத்தவருக்குப் பிரதியைக் கொடுங்கள். அவர் பெயரைப் போடுங்கள். பொருளைப் பற்றி எழுதும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள். இதைத் தவிர வேறு எதைப் பங்கேற்பு என்று சொல்வீர்கள்? கதவைத் திறந்துவிட்டதையா? காபி போட்டுக் கொடுத்ததையா?

இது ஏதோ புதுமையான கோரிக்கை என்பதுபோல் ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஊர் ஊராக, வீடு வீடாகப் போய் ஏடு தேடினார். அவருடைய பதிப்புகளின் முகவுரைகளை எடுத்துப் பாருங்கள். எந்த ஊரில் யார் வீட்டிலிருந்து ஏட்டுப்பிரதி கிடைத்தது என்று பெயர் சொல்லி எழுதியிருப்பார். ஈயத்தில் எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் அதற்கு இடம் இருந்தது. இன்று கணினிப் பட்டியலில் எத்தனை கட்டங்கள் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், கொடுத்தவர் பெயருக்கு மட்டும் கட்டம் இல்லையாம்.

பழந்தமிழ் நூல்களை மின்னூல்களாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். அந்த மின்னூல்களைத் திறந்தால் தட்டச்சு செய்தவருக்கும் பிழை திருத்தியவருக்கும் நன்றி சொல்லித்தான் நூல் தொடங்கும். ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்காகவே அடுத்த நூலைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தவர்கள் உண்டு என்று நினைக்கிறேன்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்து நடையில் பழைய புகைப்படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்களே, அதில் மூன்று என் பெரியம்மாவின் தகரப்பெட்டியிலிருந்து போனவை. கீழே குறிப்பு: 'அடையாளம் தெரியாத பெண்கள். கைக்கடிகாரம் குடும்பத்தின் செல்வநிலையைக் காட்டுகிறது.' பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு படத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அது ஸ்டுடியோக்காரர் கடிகாரம். ஓடாது. படம் எடுக்கும்போது கட்டிவிடுவார், முடிந்ததும் கழற்றிக்கொள்வார்." கிட்டப் போய்ப் பார்த்தேன். மூன்று படங்களில் மூன்று பெண்கள், அதே பட்டை, அதே கடிகாரம், மூன்றிலும் மணி பத்தே கால். செல்வநிலையாம்! அடையாளம் தெரியாத அந்தப் பெண்களில் ஒருவர் என் சின்னப் பாட்டி. எங்கள் தெருவில் முதன்முதலாக ஆசிரியர் பயிற்சி முடித்தவர். அந்தப் படமே அதற்காக எடுத்ததுதான். குறிப்பு எழுதியவர் பெட்டியை வாங்கிக்கொண்டு போன அன்றே திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இது அத்தனையும் கிடைத்திருக்கும். பெரியம்மாவுக்குப் பிறகு யாரைக் கேட்பார்கள்?

"நாங்கள் படம் எடுக்காவிட்டால் கரையான் தின்றிருக்கும்" என்று சொல்வீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. படியெடுத்து வைப்பதன் அருமை தெரியாதவன் அல்ல நான். ஆனால் அந்த இழப்பைச் சுமந்த சமூகத்திலிருந்துதான் 2005இல் நூலகம் என்ற மின்னூலகமும் வந்தது. தன்னார்வலர்கள் கூடி, கிடைத்த நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து, யாரும் படிக்கலாம் என்று திறந்து வைத்தார்கள். நம்மவர்களோ பூட்டி வைத்துவிட்டு, சாவிக்குக் கடிதம் கேட்கிறார்கள். காப்பாற்றியதற்கு நன்றி. காப்பாற்றியதாலேயே அது உங்களுடையதாகிவிடுமா?

"ஆடிப்பெருக்குக்கு ஏடுகளை ஆற்றில் விட்டவர்கள்தானே ஊர்க்காரர்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நண்பர்தான், இன்னும் நண்பர்தான். விட்டார்கள், ஆமாம். படிக்கத் தெரிந்தவர்கள் செத்துப் போய், மீதி இருந்தவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லாதபோது, குப்பையில் போட மனம் வராமல் ஆற்றில் விட்டார்கள். அப்படி விடாமல் வைத்திருந்தவரைத்தான் ஞாயிற்றுக்கிழமை உட்காரச் சொன்னீர்கள்.

சுவடியின் படங்கள் வெளியே போனால் பழம்பொருள் வியாபாரிகள் மோப்பம் பிடித்து வருவார்கள் என்பது நியாயமான கவலை. அதனால்தான் ஊருக்கெல்லாம் கொடுக்கச் சொல்லவில்லை, வீட்டுக்காரருக்குக் கொடுக்கச் சொல்கிறேன். நிதி இல்லை என்பதற்கு நான் பதிலே சொல்லப்போவதில்லை. அன்று மேடையில் போர்த்திய பொன்னாடைகளை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்தவர். எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கவில்லை. நூல்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் தூக்கி எறிவதையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கி, அவர் பெயரையே வைத்தது. அங்கே போய் உட்கார்ந்து ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர்கள்தான் இங்கே ஒரு கிராமத்துப் பெரியவரிடம் கடிதம் கேட்கிறார்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், இது ஞாயிற்றுக்கிழமைக் கோபம் மட்டும் இல்லை. என் அப்பா எத்தனை ஆய்வாளர்களைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கல்வெட்டும் நடுகல்லும் காட்டக் கூட்டிப் போயிருக்கிறார்! எங்கள் வீட்டில் சாப்பிட்டு, எங்கள் வீட்டில் படுத்து எழுந்து போனார்கள். புத்தகம் வந்தால் அனுப்புகிறேன் என்று எல்லாரும்தான் சொன்னார்கள். அப்பா தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். ஒரு புத்தகத்தை நானே பின்னாளில் பழைய புத்தகக் கடையில் காசு கொடுத்து வாங்கினேன். நன்றியுரையில் பல்கலைக்கழகம் இருந்தது, ஓட்டுநர்கூட இருந்தார். அப்பா 'உள்ளூர்வாசி ஒருவர்' ஆகியிருந்தார்.

அடுத்து இரண்டாம் கட்டமாக எங்கள் தெருவுக்கு வருகிறார்களாம். பெரியம்மாவிடம் இன்னொரு பெட்டி இருப்பது அவர்களுக்குத் தெரியும். வரட்டும். இந்த முறை பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். என்னென்ன எடுத்தீர்கள், எப்போது திருப்புவீர்கள், பிரதி எப்போது வரும், குறிப்பை யாரிடம் காட்டி எழுதுவீர்கள் என்று ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் காபியும் உண்டு, பெட்டியும் உண்டு. போடாவிட்டால் காபி மட்டும்.