வெறும் பெட்டியை அனுப்பாதே

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பனையோலைப் பெட்டி இருக்கிறது. அது எங்களுடையது அல்ல. திசையன்விளைப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டுப் பெட்டி. பதினோரு வருடங்களுக்கு முன், ஆச்சி இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, அதில் கருப்பட்டியும் கொஞ்சம் தட்டாம்பயறும் வந்தன. பெட்டியை நாங்கள் திருப்பிக் கொடுக்கவே இல்லை. போன வாரம் பரணை ஒதுக்கும்போது கையில் எடுத்துப் பார்த்தேன். மூடியின் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்கு நார் விட்டிருக்கிறது. மற்றபடி பெட்டி திடமாகத்தான் இருக்கிறது. மூக்கருகே கொண்டு போனால் இன்னும் கருப்பட்டி மணக்கிறது.

காணாமல் போன பொருட்களைப் பற்றி இங்கே பலரும் எழுதுகிறார்கள். அம்மி, ஆட்டுரல், அரிக்கேன் விளக்கு, கோலி சோடா என்று பழைய படங்களைப் பகிர்கிறார்கள். அம்மி போனதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நாற்பது வருடம் அரைத்த என் அம்மாவின் தோள்பட்டை இன்று எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விறகடுப்புப் புகையையும் யாரும் எனக்குப் புகழ்ந்து சொல்ல வேண்டாம். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரம் என்று ஒன்று இருந்ததே, அது போனதை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை.

அப்பாவின் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம். தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற ஊர். நெல்லும் வாழையும் தவிர வேறு பேச்சு கிடையாது. அம்மாவின் ஊர் தெற்கே, தேரி என்று சொல்கிற செம்மணல் மேடும் பனையும் முள்ளும் உள்ள பூமி. அங்கே குடிதண்ணீருக்கே நடக்க வேண்டும். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் போய் வந்துகொண்டே இருந்தன நான்கைந்து ஓலைப்பெட்டிகள். கோடையில் பதநீர் இறங்கும் காலம் முடியும்போது தெற்கிலிருந்து கருப்பட்டி வரும். சுக்கும் ஏலக்காயும் போட்ட சில்லுக்கருப்பட்டி பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கொட்டானில், அதாவது சின்ன ஓலைக்கூடையில் வரும். அறுப்பு முடிந்ததும் அதே பெட்டிகளில் எங்கள் ஊர்ப் புது அரிசி தெற்கே போகும். மேலே இரண்டு சீப்பு வாழைக்காய். பெட்டி ஒருநாளும் வெறுமனே போனது கிடையாது. போகக் கூடாது. ஆச்சி அதை ஒரு சட்டம் போலவே வைத்திருந்தாள். வீட்டில் ஒன்றுமே இல்லாத ஒரு மாதத்தில் அவள் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி உப்பையும் நான்கு மஞ்சள் கிழங்கையும் போட்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெட்டி எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்கள் இப்போது குறைவு. இன்னும் விரியாத குருத்தோலையை வெட்டி, வெயிலில் காய வைத்து, ஈர்க்கைக் கழித்து, ஒரே அகலத்தில் வார்ந்து முடைவார்கள். விளிம்புக்குப் பனை மட்டையில் கிழித்த நாரைக் கொடுத்து இறுக்குவார்கள். நெல் சுமக்கப் பெரிய கடகம், பண்டம் வைக்கக் கொட்டான், கல்யாணச் சீருக்குச் சாயம் ஏற்றிய ஓலையில் மூடி போட்ட பெட்டி. பதநீர் குடிக்கும் பட்டை மட்டும் மரத்தடியிலேயே ஓலையை மடித்துக் கட்டுவது. அதுவும் குடித்து முடித்தால் ஆட்டுக்குத் தீனி. பெட்டி கிழிந்தால் பொத்துவார்கள். பொத்த முடியாமல் போனால் அடுப்புக்குப் போகும். எங்கள் வீட்டுக் குப்பையில் ஓர் ஓலைப்பெட்டியை நான் பார்த்ததில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, பெட்டியை யாரும் சும்மா கொடுத்துவிட முடியாது என்பதுதான். ஒரு பெட்டியை முடைய ஒருத்தியின் இரண்டு மூன்று நாள் பிற்பகல் போயிருக்கும். அதனால் பண்டத்தைக் கொடுப்பார்கள், பெட்டியைத் திரும்ப எதிர்பார்ப்பார்கள். பெட்டி உங்கள் வீட்டில் இருக்கும்வரை நீங்கள் கடன்பட்டவர். திருப்பித் தரப் போக வேண்டும். போனால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் காப்பி வரும், பேச்சு வரும், பாதியில் நின்றுபோன ஒரு மனத்தாங்கல் தானாகக் கரையும். என் அத்தைக்கும் அம்மாவுக்கும் இரண்டு வருடம் பேச்சு இல்லாமல் இருந்தது. அந்த இரண்டு வருடமும் ஒரு தூக்குச்சட்டி மட்டும் இரு வீட்டுக்கும் நடுவே போய் வந்தது. கொண்டு போனது நான். கூட்டாஞ்சோறு போகும், முருங்கைக்கீரை வரும். உளுந்தஞ்சோறு வரும், கத்தரிக்காய் போகும். கடைசியில் அவர்கள் பேசத் தொடங்கியபோது என்ன சண்டை என்பதே இருவருக்கும் சரியாக நினைவில்லை.

கைமாற்றும் இதே கணக்குதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பக்கத்து வீட்டில் ஓர் உழக்கு அரிசி வாங்கினால் தலைதட்டி வாங்குவோம், திருப்பும்போது குவித்துக் கொடுப்போம். அந்தக் குவியல் வட்டி இல்லை. உன் வீட்டு வாசலை நான் மறக்கவில்லை என்று சொல்கிற வழி அது.

தபாலிலும் இப்படி ஒன்று இருந்தது. பதில் எழுதுவதற்கான அட்டையும் சேர்ந்தே வரும் இரட்டை அஞ்சலட்டை. பதிலுக்குரிய காசையும் எழுதுகிறவரே கட்டியிருப்பார். அதைக் கிழித்து இரண்டு வரி எழுதிப் போடாமல் இருப்பது பெரிய அவமரியாதை. என் தாத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்கு முன்பே பதில் அட்டையைத் தனியாகக் கிழித்துவிடுவார்.

இதையெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்த் தூக்குச்சட்டி எல்லாத் தெருவுக்கும் போகவில்லை. சில தெருக்களில் முடைந்த கடகம் எங்கள் வீட்டுக் களத்துக்கு வரும். முடைந்த கை நடையைத் தாண்டி உள்ளே வராது. கொடுக்கல் வாங்கலைப் பற்றி நெகிழ்ந்து எழுதுகிற எவரும் இதை மறைத்தால் அது பொய். பனையேறிகளின் பிள்ளைகள் மரத்தை விட்டு இறங்கிப் பள்ளிக்கூடம் போனதையும் நான் மனமார வரவேற்கிறேன். விடியுமுன் ஏறி, மாலையில் மறுபடி ஏறி, நெஞ்சு காய்த்துப்போன உடம்புகளை நான் பார்த்திருக்கிறேன். விழுந்து இடுப்பு ஒடிந்தவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடியதையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தொழிலுக்கு அந்த ஆபத்துக்கு ஏற்ற கூலியை நாம் ஒருநாளும் கொடுத்ததில்லை. கருப்பட்டி கசக்கிறது, விலை கூடுதல் என்று பேரம் பேசியவர்கள் நாம்தான். சீனி கலந்த கருப்பட்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கியவர்களும் நாம்தான். பிறகு மரங்கள் செங்கல் சூளைக்குப் போயின. மாநில மரம் என்ற பெயர் மட்டும் பனைக்கு மிஞ்சியது. 2021-ல்தான் பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது.

பாலித்தீன் பை எங்கள் வீட்டுக்குள் வந்த விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாரும் அதைத் தீங்காக நினைக்கவில்லை. பெரியம்மா ஒருமுறை கருப்பட்டியைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். “பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், பையைத் தூரப் போட்டுவிடு” என்றாள். அம்மாவுக்கு அது பெரிய சௌகரியமாக இருந்தது. அந்த வருடம் அறுப்பு முடிந்ததும் தெற்கே அரிசி போகவில்லை. போகச் சொல்லி நினைவுபடுத்த வீட்டில் பெட்டி இல்லை. அடுத்த வருடம் கருப்பட்டியும் குறைந்தது. யாருக்கும் யார் மீதும் கோபம் இல்லை. தூரப் போடுகிற பையில் வந்த பண்டம், தின்றவுடன் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான் நடந்தது. ஆச்சி மட்டும் கடைசிவரை பெட்டியில்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். பரணில் இருப்பது அப்படி வந்த பெட்டி.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற இயக்கம் தொடங்கியது. இரண்டையும் நான் ஆதரிக்கிறேன். கடைக்குப் பை கொண்டுதான் போகிறேன். ஆனால் மஞ்சப்பை எனக்கும் கடைக்காரருக்கும் நடுவில் மட்டும் இருக்கிறது. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. இப்போது எங்கள் அடுக்ககத்தில் தீபாவளிப் பலகாரம் காகிதத் தட்டில் வருகிறது. “தட்டைத் திருப்பித் தர வேண்டாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் கதவைச் சாத்துவதுபோல் கேட்கிறது. ஹோட்டலிலிருந்து சாப்பாடு வரும் பிளாஸ்டிக் டப்பாக்களை என் அம்மா இன்றும் கழுவித் துடைத்து அடுக்கி வைக்கிறாள். அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவைதான். தூரப் போடச் சொன்னால் கேட்பதில்லை. பாத்திரம் என்றால் கழுவி உரியவரிடம் சேர்க்க வேண்டும் என்று பழகிய கை அது.

வருகிற பங்குனி உத்திரத்துக்குத் தெற்கே சாஸ்தா கோயிலுக்குப் போகிறோம். வழியில் பெரியம்மா வீட்டில் இறங்கிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். பெரியம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. கண் மங்கிவிட்டதாம், விரல்களுக்கு மட்டும் ஓலை தெரிகிறதாம். விட்டுப்போன நாரை அவளே கட்டிக் கொள்வாள். அம்பை 16 அரிசி இரண்டு படி வாங்கி வைத்தாயிற்று. அது போதாது, மேலே வைக்க வாழைக்காய் வேண்டும், கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது என்று அம்மா நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். சேரன்மகாதேவிப் பக்கம் யார் தோட்டத்திலாவது தார் முற்றியிருந்தால் சொல்லுங்கள். இரண்டு சீப்பு போதும்.