அந்த ரெண்டு கிலோ முந்நூறு கிராம் பத்தி

நாலு மாசத்துல ரெண்டு கிலோ முந்நூறு கிராம் எடை குறைஞ்சுதுன்னு போன பதிவுல எழுதியிருந்தேன், அதுக்கு அண்ணன் ஒருத்தர் கலாய்ச்சு ஒரு கமெண்ட் போட்டாரு. மூணு நாளா பேசாம இருந்துரலாம்னு தான் இருந்தேன். ஆனா அந்த கமெண்ட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நம்ம பழைய வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டு, அங்க ஒருத்தர் "உண்மைய சொன்னா சிலருக்கு கசக்கும்"னு தத்துவம் வேற சொல்லியிருக்காரு. சரி, பேசிருவோம்.

முழுக்க திரும்ப எழுத மாட்டேன், போன பதிவுக்குக் கீழயே கெடக்கு, போய் பாத்துக்கோங்க. நாலு மாசம் கஷ்டப்பட்டு நான் குறைச்சது காலைல ஒரு தடவ பாத்ரூம் போயிட்டு வந்தாலே குறையுமாம். கூடவே சிரிப்பு எமோஜி மூணு.

அண்ணே, நீங்க சொன்னது கிட்டத்தட்ட சரிண்ணே. அதான் காமெடியே. மனுச உடம்பு ஒரே நாளைக்குள்ள ஒரு கிலோ ரெண்டு கிலோ ஏறும், இறங்கும். குடிச்ச தண்ணி, சாப்பாட்டு உப்பு, வயித்துக்குள்ள இருக்கறது எல்லாம் சேந்தது தானே அந்த எடை. தசையில சேத்து வைக்கிற மாவுச்சத்து ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணிய புடிச்சு வச்சுக்கும், அதனால தான் புதுசா டயட் ஆரம்பிக்கறவங்களுக்கு மொத வாரம் மளமளன்னு குறையுது, உடனே ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க, பாதிக்கு மேல அது கொழுப்பே இல்ல, தண்ணி. இதத்தானே நானும் தொண்டை வத்த சொல்லிட்டு இருக்கேன்? பாத்ரூம் போனா மாறிப் போற ஒரு நம்பர வச்சு என் நாலு மாசத்துக்கு மார்க் போடாதீங்கன்னு. கலாய்க்கறதா நினைச்சு எனக்கு வக்காலத்து வாங்கியிருக்கீங்க.

என் இலக்கு எடை இல்ல. அந்தப் பதிவுல எடை கடைசி வரி, போற போக்குல எழுதினது. மேல இருந்த இருபது வரியும் தரையில இருந்து எந்திரிக்கறது பத்தி. அத ஒருத்தரும் படிக்கல, நேரா கடைசி வரிக்குப் போயிட்டீங்க.

பிரேசில்ல டாக்டருங்க ஒரு டெஸ்ட் வச்சிருக்காங்க, 2012ல அதப் பத்தி வந்த ஆய்வுக்கு அப்புறம் நெறைய பேரு பேசினாங்க. நின்னுட்டு இருக்கறவன் தரையில உக்காரணும், திரும்ப எந்திரிக்கணும். உக்கார அஞ்சு மார்க், எந்திரிக்க அஞ்சு. கை ஊனினா ஒண்ணு போச்சு, முட்டி ஊனினா ஒண்ணு போச்சு, தடுமாறினா அரை. ஆரம்பத்துல நான் வாங்கினது நாலரை. இப்ப ஏழரை. (சிரிக்காதீங்க, எனக்கே சிரிப்பு வந்துச்சு, வாழ்க்கைல மொத தடவ ஏழரை வந்து சந்தோசப்பட்டவன் நானா தான் இருப்பேன்.)

இத ஏன் இலக்கா வச்சேன்னு அதுல எழுதல, இப்ப எழுதறேன். பொண்ணு கூட தரையில உக்காந்து பிளாக்ஸ் அடுக்கிட்டு இருந்தேன். காலிங் பெல் அடிச்சுது. சோபாவ புடிச்சு, முட்டிய ஊனி, ரெண்டு தடவ மூச்சு வாங்கி நான் எந்திரிக்கறதுக்குள்ள வந்தவரு போயே போயிட்டாரு. அவ ஒண்ணும் சொல்லல. ஆனா மறுநாள்ல இருந்து பிளாக்ஸ் பெட்டிய தூக்கிட்டு வந்து சோபா மேல வச்சு விளையாட ஆரம்பிச்சா. ஏன்டா செல்லம் அங்கன்னு கேட்டா, "உனக்கு ஈஸியா இருக்கும்ல"ன்னா. ஏழு வயசு. அத எந்த மெஷின்ல ஏத்தி நிறுத்துப் பாப்பீங்கண்ணே?

இப்ப சிலரு வருவீங்க. எடை குறைஞ்சா தானேப்பா முட்டிக்கும் நல்லதுன்னு. நல்லது தான், யாரு இல்லன்னா? முட்டித் தேய்மானம் இருக்கறவங்கள வச்சுப் பாத்ததுல ஒரு கிலோ குறைஞ்சா நடக்கறப்ப ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல விழற பாரம் நாலு கிலோ குறையுதுன்னு சொல்லியிருக்காங்க. அப்ப என் ரெண்டு கிலோ முந்நூறுக்கு கணக்கு போடுங்க. ஒம்போது கிலோவுக்கு மேல, அதுவும் ஒவ்வொரு அடிக்கும். இப்ப சிரிங்க. (எடை முக்கியம் இல்லன்னு சொல்லிட்டு எடையவே சாட்சிக்குக் கூப்பிடறேன்னு தெரியுது. கோவத்துல இருக்கேன், விடுங்க.)

டாக்டர் குறைக்கச் சொல்லலையான்னா, சொன்னாரு. அஞ்சு பர்சென்ட் குறைஞ்சாலே சுகர், பிரஷர்ல வித்தியாசம் தெரியும்னாரு. அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. அடுத்து.

நாலு மாசம் ரொம்ப ஸ்லோன்னு ஒரு குரூப். அமெரிக்காவுல ஒரு டிவி போட்டியில மாசக்கணக்குல வெறித்தனமா குறைச்சவங்கள்ல 14 பேர ஆறு வருசம் கழிச்சு திரும்ப பரிசோதிச்சு 2016ல வெளியிட்டாங்க. பெரும்பாலானவங்களுக்கு எடை திரும்ப ஏறியிருந்துச்சு. அதவிடக் கொடுமை, சும்மா இருக்கறப்ப அவங்க உடம்பு செலவு பண்ற சக்தி, இருக்க வேண்டியத விட ஒரு நாளைக்கு 500 கலோரி கிட்ட கம்மியா இருந்துச்சு. வேகமா குறைக்கற எல்லாருக்கும் இப்படி ஆகும்னு சொல்லல. எனக்கு அந்த ரிஸ்க் வேணாம்ங்கறேன், அவ்ளோதான்.

அப்புறம் மோட்டிவேஷன். இருபத்தோரு நாள் பண்ணினா பழக்கமாயிரும்னு ஃபார்வர்டு அனுப்பற அன்பர்களே, அது 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிங்க புது முகத்துக்குப் பழகறதுக்கு ஆகுற நாளப் பத்தி எழுதினது, அது எப்படியோ உருண்டு உருண்டு வாக்கிங்குக்கு வந்து நிக்குது. 2009ல லண்டன்ல 96 பேர வச்சு நெஜமாவே பாத்தப்ப சராசரி 66 நாள், ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254. நடுவுல ஒரு நாள் விட்டாலும் பெருசா கெட்டுப் போகலன்னும் அதே ஆய்வுல இருக்கு. பத்தாயிரம் ஸ்டெப் கூட 1965 வாக்குல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ற மீட்டர விக்க வச்ச பேரு தான்.

நான் அஞ்சு தடவ ஆரம்பிச்சு அஞ்சு தடவயும் விட்டவன். எல்லாம் ஜனவரி, எல்லாம் "இருபது கிலோ". இருபது கிலோன்னு இலக்கு வச்சா அத தொடற வரைக்கும் தெனமும் தோத்தவன் நீ. காலைல மெஷின் மேல ஏறி நின்னா அது பல்ல இளிக்கும், அன்னைக்குப் பூரா மூட் அவுட். இந்தத் தடவ மூணாவது மாசம் காய்ச்சல்ல நாலு நாள், அப்புறம் வெறும் சோம்பேறித்தனத்துல அஞ்சு நாள், ஆக ஒம்போது நாள் போச்சு. முன்னாடி மாதிரி இருந்தா அதோட கதை முடிஞ்சது. பத்தாவது நாள் ஷூ மாட்டிட்டு அஞ்சு நிமிசம் மட்டும் நடந்துட்டு வந்தேன். என் இலக்கு எடை இல்ல, அதனால தான் போக முடிஞ்சுது. இது புரியறதுக்கு என்ன கஷ்டம்?

"பப்ளிக்ல போட்டா நாலு பேரு நாலு விதமா சொல்லத்தான் செய்வாங்க, தாங்கிக்கணும்." இது தான் என்னை ரொம்ப குத்துது. ஊருக்குக் காட்டணும்னு போடலீங்க. சரி, கொஞ்சம் காட்டணும்னும் தான் போட்டேன், அதுல என்ன தப்பு? ஸ்கூல்ல பி.டி. பீரியட் வந்தா மாஸ்டர் என் கைல ஸ்கோர் நோட்ட குடுத்துருவாரு. "நீ எழுதுறா, உன்னால ஓட முடியாது." ஆறு வருசம் எழுதினேன். யாரு எவ்ளோ தாண்டினான், யாரு எத்தனை செகண்ட், அழகா கோடு போட்டு, அதுல ஒரு தடவ கூட என் பேரு கிடையாது. நாப்பத்து மூணு வயசுல மொத தடவ என் பேருக்கு நேரா ஒரு மார்க் எழுதி காட்டினா, அதையும் நீங்க திருத்துவீங்களா?

வேற யாரு போட்டிருந்தாலும் ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிருப்பேண்ணே. அஞ்சு வருசம் முன்னாடி "வாடா தம்பி"ன்னு கூட்டிட்டுப் போய் மைதானத்துல என்னை நடக்க வச்சதே நீங்க. அர ரவுண்டுல நான் மூச்சு வாங்கி உக்காந்தப்ப கூட உக்காந்து, "அவசரமே இல்லடா"ன்னு சொன்னதும் நீங்க. உங்களுக்கு பதில் டைப் பண்ணி மூணு தடவ அழிச்சேன். அன்ஃப்ரெண்ட் பண்ணல, கமெண்ட்டையும் அழிக்கல, அது இருக்கட்டும்.

அந்த கமெண்ட்டுக்கு சிரிச்ச 41 பேர்ல ரெண்டு பேரு அதுக்கு மறுநாளே இன்பாக்ஸ்ல வந்து "என்ன எக்சர்சைஸ் பண்றீங்க, யாருக்கும் சொல்லாதீங்க"ன்னு கேட்டிருக்கீங்க. பேரு சொல்ல மாட்டேன். வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க. எடுத்த உடனே தரைக்குப் போயிராதீங்க, மொதல்ல நாற்காலில இருந்து கை ஊனாம எந்திரிச்சுப் பழகுங்க, பத்து தடவ. முட்டி வலிச்சா நிறுத்திருங்க.