இங்கே உட்கார யாரைக் கேட்க வேண்டும்?

கடந்த மாதம் அக்காவின் மகனை ஒரு நேர்முகப் பரீட்சைக்காகக் கொழும்புக்குக் கூட்டிச் சென்றிருந்தேன். ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் ஏறிப் போய், வேலை முடிந்து வெளியே வரும்போது பகல் ஒன்றரை மணி. அக்கா கட்டித் தந்த சோத்துப் பார்சல் இரண்டும் பைக்குள் அப்படியே இருந்தன. பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தைச் செப்பனிட்டுக் கடைகளாக மாற்றிய வளாகம்; நடுவே புல்வெளி, மர நிழல், கல் இருக்கைகள். மதிலும் இல்லை, கேற்றும் இல்லை. உட்கார்ந்து பார்சலை அவிழ்த்தோம். இரண்டாவது கவளம் வாய்க்குப் போவதற்குள் சீருடை அணிந்த ஓர் இளைஞன் வந்து நின்றான். சிங்களத்தில் தொடங்கியவன், நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். "அண்ணே, வெளிச் சாப்பாடு இங்க ஏலாது. மேல கேமராவுல பாத்துக்கிட்டு இருப்பாங்க, எனக்குத்தான் ஏச்சு விழும்." எந்த ஊர் என்று கேட்டேன். எங்கள் மலைநாட்டுப் பொகவந்தலாவைப் பக்கம் என்றான். பார்சலை மடித்துக்கொண்டு எழும்பினோம். கொஞ்ச தூரம் நடந்த பிறகு மருமகன் கேட்டான்: "மாமா, அவரும் வாச்சரா?"

அந்தப் பையனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவனுக்கு அது தொழில். ஆனால் மருமகனின் கேள்வி ஊர் திரும்பும் வரையில் என்னுடனேயே வந்தது. ஏனென்றால் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு "வாச்சர்" என்பது தோட்டத்துக் காவல்காரரின் வேலைப் பெயர் மட்டுமல்ல. நாம் நடக்கும் பாதையும், பிள்ளைகள் பந்தடிக்கும் மைதானமும், நாம் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்கு முன்னால் உள்ள வாசலும்கூட வேறொருவருடையவை என்பதை அவ்வப்போது நினைவுபடுத்த வருகிறவர் அவர். கல்யாணத்துக்கு வேன் வர வேண்டுமென்றால் சங்கிலியை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். காமன் கூத்துக்கு மைதானம் வேண்டுமென்றால் தோட்டத்து மேலாளரான பெரியதொரையிடம் கடிதம் கொடுக்க வேண்டும். இது வெறும் வழக்கம் என்று நினைப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை நிதியைச் செலவிட இடம் வைக்கவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதாவது வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்த மக்களின் வீட்டுப் பாதையில் ஒரு குழியை அடைக்கவும் அந்த உறுப்பினருக்கு முப்பது வருடங்கள் தடை இருந்தது. பாதை கம்பனியுடையது, ஆகவே பொதுப் பணம் அதில் இறங்கக்கூடாது என்பதே அதன் தர்க்கம்.

இந்தப் பின்னணியோடு கொழும்பைப் பார்ப்பவனுக்கு அங்கே நடந்துகொண்டிருப்பது புதிதாகத் தெரியாது. யுத்தம் முடிந்த மறு வருடமே, 2010இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. பூங்கா அமைப்பதும் நடைபாதைக்குக் கல் பதிப்பதும் பாதுகாப்புச் செயலாளரின் பொறுப்பில் வந்த விசித்திரத்தை அன்று பலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனெனில் நகரம் உண்மையிலேயே அழகாகிக்கொண்டிருந்தது. ஆனால் அதே வருடம் மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில், படையினரைக் குவித்து வைத்துக்கொண்டு குடும்பங்களின் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. பிறகு பழைய டச்சு வைத்தியசாலை உணவகங்களும் கடைகளுமாயிற்று. சுதந்திர சதுக்கத்தருகே ஒரு காலத்தில் மனநோயாளர் விடுதியாக இருந்த கட்டடம் 2014இல் கடைத்தொகுதியாயிற்று. காலிமுகத்திடலுக்கு எதிரே இராணுவத் தலைமையகம் இருந்த காணியில் ஐந்து நட்சத்திர ஹோட்டல் எழும்பியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் காலத்தில் பல இடங்களில் மதில்களை இடித்தார்கள், வேலிகளைக் கழற்றினார்கள். கண்ணுக்குத் தெரிவது திறந்த வெளி. மதில் செய்துவந்த வேலையை அதற்குப் பிறகு கேமராவும், சீருடையும், தேநீர்க் கோப்பையின் விலையும் பகிர்ந்துகொண்டன. மதில் இருந்தால் "உள்ளே விடமாட்டார்கள்" என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். மதில் இல்லாத இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரியவருகிறது, அதுவும் வாய்க்குள் சோற்றோடு.

நான் இடத்தை அளப்பது ஒரே அளவுகோலால்தான். காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது எனக்கு இரண்டாம் பட்சம். "இங்கே என்ன செய்கிறாய்?" என்று கேட்கும் அதிகாரம் அங்கே யாருக்கு இருக்கிறது, அந்தக் கேள்விக்குச் "சும்மா" என்று பதில் சொன்னால் விட்டுவிடுவார்களா என்பதுதான் முதல் விடயம்.

காலிமுகத்திடல் அந்தச் "சும்மா"வை நீண்ட காலம் தாங்கிய இடம். ஆளுநர் சர் ஹென்றி வார்ட் காலத்தில் 1856இல் தொடங்கி 1859இல் முடிக்கப்பட்ட அந்த நடைபாதையில் ஒரு கல் நிற்கிறது. கொழும்பின் சீமாட்டிகளினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி இதைத் தனக்குப் பின் வருபவர்களுக்குப் பரிந்துரைப்பதாக அதில் எழுதியிருக்கிறது. யாருடைய சீமாட்டிகள் என்று கேட்கத் தேவையில்லை. அது கோப்பிக் காலம். அதே ஆண்டுகளில் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள், வழியில் செத்தவர்கள் செத்தார்கள். அவர்களின் நடைக்குக் கல் நட ஒருவரும் இருக்கவில்லை. இருந்தும் அந்தத் திடல் பிற்காலத்தில் எல்லோருடையதுமாயிற்று. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் லீவு நாளில் இசோ வடையை (இறால் வடை) கையில் வைத்துக்கொண்டு ஒரு சதம் வாடகை இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடிய இடம் அது.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி, நாளாந்த அடிப்படைச் சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்டுக் கறுப்புச் சட்டையோடு ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கூடியதும் அங்கேதான். அதைப் பற்றிப் பேசும்போது சம்பளத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். எனக்கு அந்த இடம் முக்கியம். தாங்கள் பிறந்த தோட்டத்தின் மைதானத்தில் கூடுவதற்குத் தொரையின் அனுமதி வேண்டியிருந்த பிள்ளைகள், நாட்டின் தலைநகரில், ஜனாதிபதி செயலகத்துக்கு எதிரே, தம்பாட்டுக்கு வந்து நின்றார்கள்.

2020இல் அந்தப் பகுதியிலேயே போராட்டக்காரர்களுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்கிப் பலகை வைத்தார்கள். எதிர்ப்புக்கு எல்லை கட்டிக் கொடுப்பதும் ஒருவகை உபசாரம்தான் போலும். 2022 ஏப்ரலில், பொருளாதார நெருக்கடிக்கு நடுவே ஜனாதிபதியைப் பதவி விலகச் சொல்லித் திடலில் கூடாரமடித்த மக்கள் அந்த எல்லைக்குள் அடங்கவில்லை. ஜூலை 22ஆம் திகதி விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களைப் பிரித்தார்கள். 2023இல், சமய நிகழ்வுகள் போன்றவற்றைத் தவிரக் கூட்டங்களுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் திடலைக் கொடுப்பதில்லை என்று அமைச்சரவை தீர்மானித்தது. காரணம், மக்கள் ஓய்வாகப் பொழுதைக் கழிக்க வேண்டும் என்பது. கடலைப் பார்க்கலாம், பட்டம் விடலாம், கூடிப் பேசக்கூடாது என்பதே அன்றைய தீர்மானம்.

அந்தத் திடலிலிருந்து வடக்கே பார்த்தால் துறைமுக நகரம். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர். அதில் 116 ஹெக்டேயர் 99 வருடக் குத்தகையில் அதை நிரப்பிய சீனக் கம்பனிக்கு. 2021இல் அதற்கென்றே தனிச் சட்டமும் தனி ஆணைக்குழுவும் வந்தன. 99 வருடம் என்ற சொல்லைக் கேட்டால் கொழும்புக்காரருக்கு என்ன தோன்றுமோ தெரியாது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் கைமாறிய காலத்திலிருந்து குத்தகை என்ற சொல்லோடு குடும்பம் நடத்தும் எங்களுக்கு, காணி அரசாங்கத்தினுடையது, ஆனால் கேள்வி கேட்பவர் வேறு ஆள் என்ற ஏற்பாடு நன்றாகவே விளங்கும்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் என் தங்கை, இரவு எட்டு மணிக்குச் சுதந்திர சதுக்கத்தைச் சுற்றிப் பயமில்லாமல் நடக்கிறாள். வெளிச்சம் இருக்கிறது, நான்கு பேர் நடமாடுகிறார்கள். "நீங்க பேசுற சுதந்திரமெல்லாம் ஆம்பளைங்களுக்கு சரி, அண்ணா" என்று அவள் சொன்னபோது என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. பஸ் தரிப்பிடத்து மலசலகூடத்துக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் ஹட்டன் வரை வருகிறவள் அவள். மாநகர சபை தன் கடமையைச் செய்யாத இடத்தில்தான் கம்பனியின் சுத்தம் நமக்குக் கருணையாகத் தெரிகிறது. ஆனால் அந்தச் சுத்தமும் ஆளைப் பார்த்தே கிடைக்கிறது. அலுவலக உடையில் நடக்கும் தங்கையை எவரும் மறிப்பதில்லை. கொழுந்துக் கறை படிந்த கையோடு அம்மா அதே இடத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று அவளிடமே கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் கொழும்புச் சங்கதி என்று இருந்துவிட முடியாது. நுவரெலியாவில் விக்டோரியா பூங்காவுக்குள் போக டிக்கெட்; 1873இல் ஆளுநர் கிரெகரி அமைத்த வாவியின் கரைப் பூங்காவுக்குள் போகவும் டிக்கெட். ஏப்ரல் வசந்த காலத்தில் நான்கு பிள்ளைகளோடு வரும் ஒரு தோட்டக் குடும்பம் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று படகுகளைப் பார்த்துவிட்டுப் போவதை நான் கண்டிருக்கிறேன். தொரை பங்களாக்கள் பல ஹோட்டல்களாகிவிட்டன. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கப் போகும் குறுக்குப் பாதையில், விருந்தாளிகள் நடக்கும் நேரத்தில் ஆட்கள் சுற்றிப் போக வேண்டும் என்று இப்போது சொல்கிறார்கள்.

2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் நம் பகுதிச் சபைகளுக்கு உறுப்பினர்களைத் தெரிவு செய்திருக்கிறோம். அவர்களிடம் என் கோரிக்கை சிறியது. பூங்காவோ மைதானமோ வாவிக்கரையோ, எதையாவது எவருக்காவது பராமரிக்கக் கொடுப்பதென்றால், அந்த ஒப்பந்தத்தைச் சபையில் மேசைக்குக் கொண்டு வாருங்கள். யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, மக்களை எழும்பச் சொல்லும் உரிமை யாருக்கு, எந்தக் காரணத்துக்காக என்பதை அந்த இடத்திலேயே ஒரு பலகையில் எழுதி வையுங்கள், தமிழில் எழுத்துப் பிழை இல்லாமல். சோத்துப் பார்சல் சாப்பிடலாமா என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதிவிட்டால், பொகவந்தலாவைப் பையன்கள் வந்து சொல்ல வேண்டியிராது.